தசைக்கு அமினோ அமிலப் பொடி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து ஓரிரு மாதம் ஆனதும் பலரும் கேட்பது, பி.சி.ஏ.ஏ. (மூன்று அமினோ அமிலங்களின் பொடி) வாங்கலாமா, இ.ஏ.ஏ. (ஒன்பது அமினோ அமிலங்களின் பொடி) வாங்கலாமா, கூடவே குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் சேர்க்க வேண்டுமா என்பதுதான். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது, ஒரு நாளில் நாம் உண்ணும் மொத்தப் புரதம் எத்தனை கிராம் என்பது. இதற்கு விடை தெரியாதவரை எந்த டப்பா தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்ய வழியில்லை. ஆகவே இந்த வழிகாட்டியும் சாப்பாட்டுத் தட்டிலிருந்தே தொடங்குகிறது. பளு தூக்கும் பயிற்சியை வாரத்தில் மூன்று நான்கு நாள்களாவது ஒழுங்காகச் செய்பவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டுள்ளது. பயிற்சி இல்லாமல் பொடி மட்டும் குடிப்பவருக்கு இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நாளின் கணக்கு

எடைப் பயிற்சி செய்பவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பதில் இன்று ஓரளவு தெளிவு இருக்கிறது. 49 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,863 பேரின் முடிவுகளையும் ஒன்றுசேர்த்து 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை புரதத்தைக் கூட்டும்போது தசை கூடுதலாக வளர்கிறது என்றும், அதற்கு மேல் கூட்டினால் சராசரியாகப் பெரிய பலன் தென்படவில்லை என்றும் காட்டியது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் பொதுவாக வளர்ந்தவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு கிலோவுக்கு 0.83 கிராம். அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அன்றாட வாழ்க்கைக்கு 58 கிராம் போதும்; தசையை வளர்க்கும் நோக்கத்துடன் பளு தூக்கினால் 112 கிராம் வரை போகலாம்.

இப்போது அந்த 70 கிலோ மனிதர் சைவ உணவு உண்பவர் என்று வைத்துக்கொண்டு அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி: ஏறத்தாழ 12 கிராம். மதியம் இரண்டு கிண்ணம் சோறு, சாம்பார், கூட்டு, ஒரு கிண்ணம் தயிர்: தாராளமாகக் கணக்கிட்டால் 20 கிராம். இருவேளை பால் சேர்த்த தேநீர் 4 கிராம். இரவில் மூன்று சப்பாத்தியும் பருப்புக் குருமாவும் 14 கிராம். மொத்தம் 50 கிராம். வயிறு நிறைந்திருக்கும், மாவுச்சத்தும் வேண்டிய அளவு சேர்ந்திருக்கும். ஆனால் இலக்கில் பாதிகூட எட்டவில்லை. இந்த நிலையில் இவர் 5 கிராம் பி.சி.ஏ.ஏ. பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால், விடுபட்ட 62 கிராமில் அந்த 5 கிராமைத்தான் ஈடு செய்கிறார், அதையும் அரைகுறையாக.

அந்தப் பள்ளத்தை உணவால் எவ்வளவு தூரம் நிரப்ப முடியும் என்று பார்த்தால் வியப்பாகவே இருக்கும். மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்து ஊறவைத்துக் குழம்பில் போட்டால் 25 கிராம் கிடைத்துவிடும். 100 கிராம் பனீரில் 18 கிராம். காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் எடுத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம். இவை மூன்றும் சேர்ந்தாலே 53 கிராம் வந்துவிடுகிறது. முட்டை உண்பவருக்கு வேலை இன்னும் எளிது. ஒரு முட்டையில் 6 கிராம். 150 கிராம் பச்சை நெஞ்சுக்கறியில் 33 கிராம் அளவுக்கு இருக்கும். சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, ஒரு வாரம் மட்டும் பருப்பையும் பயறையும் சமைப்பதற்கு முன் எடை போட்டுக் குறித்துக்கொண்டால், அதன் பிறகு கண்ணளவே போதும். அந்தத் தராசின் விலை பெரும்பாலான அமினோ பொடிகளின் விலையைவிடக் குறைவு என்பதையும் சொல்லிவிடலாம்.

புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லி மாவில் உளுந்து சேர்ப்பதும் சோற்றுக்குச் சாம்பார் ஊற்றுவதும் இந்த வகையில் சரியான கூட்டு. இதை ஒவ்வொரு வாய்க்கும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஒரே நாளில் இரண்டும் வயிற்றுக்குள் போனால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகு 15, 20 கிராம் குறைந்தால், அல்லது விடுதியில் தங்கி வேலை பார்ப்பதால் இப்படிச் சமைக்கவே வசதி இல்லை என்றால், அப்போதுதான் பொடியைப் பற்றிய பேச்சுக்கு இடம் வருகிறது.

பி.சி.ஏ.ஏ. ஏன் பெரும்பாலோருக்குத் தேவையில்லை

உடலின் புரதங்கள் 20 அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெத்தியோனின், ஃபீனைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபன், வேலின் ஆகிய ஒன்பதை உடலால் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே வந்தாக வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் 1935இல் திரியோனினைக் கண்டறிந்த பிறகே இந்தப் பட்டியல் வடிவம் பெறத் தொடங்கியது. அவர் பின்னாளில் தம் மாணவர்களுக்கே தூய அமினோ அமிலங்களைக் கலந்த உணவைக் கொடுத்து, எதை நீக்கினால் உடல் தள்ளாடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். இந்த ஒன்பதையும் சேர்த்து விற்பதுதான் இ.ஏ.ஏ. இவற்றுள் கிளைத்த அமைப்புடைய லியூசின், ஐசோலியூசின், வேலின் ஆகிய மூன்றை மட்டும், பெரும்பாலும் 2:1:1 என்ற விகிதத்தில், பிரித்து விற்பது பி.சி.ஏ.ஏ.

இந்த மூன்றில் லியூசினுக்குத் தனிச் சிறப்பு உண்டு. அது தசையைக் கட்டும் மூலப்பொருள் மட்டுமல்ல. ‘கட்டத் தொடங்கு’ என்ற சைகையும் அதுவே. தசை உயிரணுவுக்குள் எம்டார் என்னும் புரதத் தொகுதியை அது தூண்டிவிட, புதிய புரதம் உருவாகும் வேகம் கூடுகிறது. ஒரு வேளைக்கு 2 முதல் 3 கிராம் லியூசின் கிடைத்தால் இளைஞர்களின் உடலில் இந்தத் தூண்டல் நன்றாகவே நிகழ்கிறது. பி.சி.ஏ.ஏ. விளம்பரங்கள் எல்லாம் இந்த உண்மையை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. உண்மையின் மறுபாதிதான் அவற்றில் இடம்பெறுவதில்லை. சைகை கிடைத்தாலும் கட்டுவதற்கு ஒன்பதும் வேண்டும். மூன்றை மட்டும் கொடுத்தால் மற்ற ஆறையும் உடல் எங்கிருந்து எடுக்கும்? ஏற்கெனவே உள்ள தசையைச் சிதைத்துத்தான் எடுக்கும். ஊரையே பந்திக்கு அழைத்துவிட்டு இலையில் உப்பும் ஊறுகாயும் அப்பளமும் மட்டும் வைத்த கதைதான் இது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பயிற்சி பெற்ற இளைஞர்களுக்குப் பளுப் பயிற்சி முடிந்தவுடன் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. கொடுத்து 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், வெற்றுப் பானம் குடித்த வேளையைவிடத் தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அளவு பி.சி.ஏ.ஏ.யை இயல்பாகவே உள்ளடக்கிய வே புரோட்டீனை (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) குடித்தால் முந்தைய ஆய்வுகளில் கிடைத்த உயர்வில் இது ஏறத்தாழ பாதிதான். அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் வுல்ஃப் எழுதிய ஆய்வுரை இன்னும் கறாரானது, பி.சி.ஏ.ஏ. மட்டும் மனிதரின் தசையை வளர்க்கிறது என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று அது முடித்தது.

மீட்சி விஷயத்தில் மட்டும் பி.சி.ஏ.ஏ.க்குச் சிறிது மதிப்பெண் தரலாம். கடுமையான பயிற்சிக்கு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வரும் தசைவலி, பி.சி.ஏ.ஏ. எடுத்தவர்களிடம் ஓரளவு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அன்றாடப் புரதம் போதுமான அளவில் இருப்பவருக்கு அந்த மூன்று அமிலங்களும் உணவிலேயே வந்துவிடுகின்றன. 25 கிராம் வே புரோட்டீனில் மட்டும் ஏறத்தாழ 2.5 கிராம் லியூசின் இருக்கிறது. அதன் மேல் பி.சி.ஏ.ஏ. சேர்ப்பது ஒரே சரக்குக்கு இருமுறை விலை கொடுப்பதாகும்.

அப்படியானால் எதை வாங்குவது

உணவுக்குப் பிறகும் புரதம் குறைகிறது என்றால் முதல் தெரிவு முழுப் புரதப் பொடி: பால் ஒத்துக்கொள்பவருக்கு வே, ஒத்துக்கொள்ளாதவருக்கு சோயா, அல்லது பட்டாணிப் புரதம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவாக உள்ள வே ஐசொலேட் வகையைப் பார்க்கலாம். ஒருவேளைக்கு 20 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும் அளவு எடுத்தால் போதும்.

இ.ஏ.ஏ. யாருக்குப் பயன்படும்? பசி குறைந்து, ஒரு கிண்ணம் பருப்பைக்கூட முழுதாக உண்ண முடியாத முதியவருக்குப் பயன்படும். வயது கூடக் கூடத் தசையின் காது சற்று மந்தமாகி, அதே சைகைக்கு அதிக லியூசின் தேவைப்படுகிறது. குறைந்த அளவில், வயிற்றை அடைக்காமல், ஒன்பதையும் கொடுக்க இ.ஏ.ஏ.யால் முடிகிறது. 28 நாள் படுக்கையிலேயே கிடக்கச் செய்த தன்னார்வலர்களுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை 16.5 கிராம் இ.ஏ.ஏ.யும் சர்க்கரையும் கொடுத்து 2004இல் வெளியான ஆய்வில், அவர்களின் கால் தசை பெரிதும் குறையாமல் நின்றது. கொடுக்கப்படாதவர்களுக்குத் தசை கரைந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுத்திருக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்பதற்கு நல்ல காரணம் உண்டு. இன்னொரு வகையினர், விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் பயிற்சிக்குப் போகிறவர்கள். கனமான எதுவும் இறங்காது என்றால் 6 முதல் 10 கிராம் வரை இ.ஏ.ஏ.யைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் இறங்கும் என்றால் இதுவும் தேவையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளுட்டமின் உடலில் மிக அதிகமாக உள்ள அமினோ அமிலம். ஆனால் 31 இளைஞர், இளம்பெண்களைக் கொண்டு ஆறு வாரம் எடைப் பயிற்சியுடன் நடத்தி 2001இல் வெளிவந்த ஆய்வில், அதை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் தசையிலோ வலிமையிலோ வேறுபாடு இல்லை. தீக்காயம் பட்டவர்களுக்கும் கடும் நோயாளிகளுக்கும் மருத்துவமனையில் அதைக் கொடுப்பது வேறு விவகாரம். ஆர்ஜினின் குடித்தால் அதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே சிதைந்துவிடும்; இரத்தத்தில் ஆர்ஜினினை உயர்த்த சிட்ருலினே மேல். தர்பூசணியில் உள்ள அதே பொருள்தான் அது. பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்னதாக 6 முதல் 8 கிராம் சிட்ருலின் மாலேட் எடுப்பவர்களுக்கு ஓரிரு முறை கூடுதலாகத் தூக்க முடியலாம். நேரடியாகத் தசையை அது வளர்க்காது. பீட்டா அலனின் ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை நீடிக்கும் கடும் முயற்சிகளுக்கு உதவும், நாளொன்றுக்கு 3.2 முதல் 6.4 கிராம் வரை குறைந்தது நான்கு வாரம் எடுக்க வேண்டும். எடுத்த சிறிது நேரத்தில் முகத்திலும் கைகளிலும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுக்கும். அது ஆபத்தானதல்ல, அளவைப் பிரித்து எடுத்தால் குறையும். லியூசினிலிருந்து உடலே உண்டாக்கும் எச்.எம்.பி. புதிதாகப் பயிற்சி தொடங்குபவருக்கும் முதியவருக்கும் சற்றுப் பயன்படலாம். பழகியவருக்கு அதில் செலவழிப்பது வீண்.

கிரியேட்டின் தனித்துப் பேச வேண்டியது. புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களில் அது ஒன்றல்ல; ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் ஆகிய மூன்றிலிருந்து உடல் தயாரிப்பது. இறைச்சியிலும் மீனிலும் இருப்பதால், சைவ உணவு உண்பவரின் தசையில் அதன் சேமிப்பு பொதுவாகக் குறைவு. அமினோ பொடிகளின் அலமாரியில் ஒன்றுக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால், அதை கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டுக்குச் செலவிடுங்கள் என்றே நான் சொல்வேன். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம், எந்த நேரத்திலும், எதனுடனும் எடுக்கலாம். முதல் வாரம் 20 கிராம் வீதம் ஏற்றும் முறை கட்டாயமல்ல. சிறிய அளவிலேயே மூன்று நான்கு வாரங்களில் தசை நிறைந்துவிடும். தசைக்குள் நீர் சேர்வதால் எடை ஓரிரு கிலோ கூடுவது இயல்பு. இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும், அதன் நலத்தைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு சற்று உயர்ந்து காட்டி வீண் பதற்றத்தை உண்டாக்கும்.

லேபிளை எப்படிப் படிப்பது

பொடிகளில் நடக்கும் ஏமாற்றைப் புரிந்துகொள்ள, புரதத்தை அளக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஜோஹன் கெல்டால் 1883இல் உருவாக்கிய முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்கி, இவ்வளவு புரதம் என்று சொல்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறைக்குத் தெரியாது. கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தில் எடையில் 18.7 சதவீதம் நைட்ரஜன். ஆகவே 100 கிராம் கிளைசின் இந்தக் கணக்கில் 117 கிராம் புரதமாகத் தோன்றும்! வே புரோட்டீனில் கொஞ்சம் கிளைசினையும் அதேபோல் நைட்ரஜன் உள்ள டாரினையும் கலந்துவிட்டால், தசைக்கு வேண்டிய லியூசின் குறைந்தாலும் டப்பாவின் மேல் 24 கிராம் என்று அச்சிட முடிகிறது. 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் கலந்து குழந்தைகளின் சிறுநீரகத்தைக் கெடுத்த கொடுமையும் இதே ஓட்டையைப் பயன்படுத்தியதே.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. உட்பொருள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வே புரோட்டீன் என்று விற்கும் பொடியில் கிளைசின், டாரின், எல்-குளுட்டமின், கிரியேட்டின் போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டு, அவற்றின் அளவு சொல்லப்படாமல் இருந்தால் அந்தப் பொடியைத் திருப்பி வைத்துவிடலாம். அடுத்து, அமினோ அமில அட்டவணையில் லியூசின் எவ்வளவு என்று பாருங்கள். வே புரோட்டீனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு லியூசினாக இருக்க வேண்டும். 25 கிராம் புரதம் என்று சொல்லிவிட்டு 1.6 கிராம் லியூசின் காட்டினால் கணக்கு உதைக்கிறது. அட்டவணையே இல்லையென்றால் நிறுவனத்திடம் அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான (batch) ஆய்வறிக்கையைக் கேளுங்கள். தர மறுப்பதே ஒரு பதில். இ.ஏ.ஏ. டப்பாவில் ‘தனிக் கலவை (proprietary blend) 8 கிராம்’ என்று ஒரே எண்ணைப் போட்டு ஒன்பதின் அளவையும் மறைத்திருந்தால், விலை குறைந்தவற்றை அதிகமாகவும் லியூசினைப் பெயருக்கும் போட்டிருக்க வாய்ப்புண்டு.

இது வெறும் சந்தேகம் அல்ல. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்துக் கேரள மருத்துவர்கள் முன்னின்று 2024இல் வெளியிட்ட ஆய்வில், 25 பொடிகளில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. அதே 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், உடலைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொன்னதற்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரையும் இனிப்பூட்டிகளும்கூடக் காரணம். பொதுமக்களுக்கு அது சரியான அறிவுரையே. பளு தூக்குபவருக்கும் உணவே முதல் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நல்ல பொடியைத் தேர்ந்து குறைந்த அளவில் எடுப்பதை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன்.

இந்தியச் சந்தையில் வாங்குவோர் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையின் கீழ் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். வெளிநாட்டுப் பொடியென்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டு இருந்தாக வேண்டும். அது இல்லாத டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சைவம் என்பதில் கண்டிப்பாக இருப்பவர்கள் பச்சைப் புள்ளியையும் கவனியுங்கள். பி.சி.ஏ.ஏ.யை நுண்ணுயிர் நொதித்தல் மூலமும் செய்யலாம். பறவை இறகு, முடி ஆகியவற்றைக் கரைத்தும் எடுக்கலாம்.

தூய்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1989ஆம் ஆண்டு அமெரிக்கா சாட்சி. தூக்கத்துக்காகக் கடைகளில் விற்ற டிரிப்டோஃபன் மாத்திரையில் கலந்திருந்த அசுத்தத்தால் கடும் தசைவலியும் இரத்த அணு மாற்றமும் உண்டாகி, 1,500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். போட்டிகளில் பங்கேற்கும் வீரர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்தும் பொடியும் ஒரே ஆலையில் தயாராகி, பொடியில் அந்த மருந்தின் சிறு துகள் கலந்தாலும், சோதனையில் சிக்கினால் பொறுப்பு வீரருடையதே. தொகுதி தொகுதியாகச் சோதித்து ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ போன்ற முத்திரை பெற்றவற்றை மட்டும் அவர்கள் தொட வேண்டும்.

விலையை ஒப்பிட ஸ்கூப்பின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். விலையை டப்பாவில் உள்ள மொத்தப் புரதத்தால் வகுங்கள். 2,400 ரூபாய்க்கு ஒரு கிலோ வே வாங்கி அதில் 750 கிராம் புரதம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் புரதம் 3 ரூபாய் 20 காசு. பக்கத்துக் கடையின் மீல்மேக்கருக்கும் முட்டைக்கும் இதே வகுத்தலைப் போட்டுவிட்டு அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

எடுக்கும் முறை

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடித்தாக வேண்டும், இல்லையேல் உழைப்பெல்லாம் வீண் என்ற அச்சத்தை விட்டுவிடலாம். பளு தூக்கிய தசை 24 மணி நேரத்துக்கு மேலும் புரதத்தை ஆவலுடன் ஏற்கிறது. பயிற்சிக்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிட்டிருந்தால், அடுத்த வேளை உணவுவரை பொறுத்தாலும் குறையில்லை. நேரத்தைவிட முக்கியமானது பங்கீடு: நாளின் புரதத்தை மூன்று நான்கு மணி நேர இடைவெளியில் நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் 25 முதல் 30 கிராம் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் காலை உணவில்தான் புரதம் மிகக் குறைவு. ஆகவே பொடி இருந்தால் அதைக் காலையில் வைப்பது என் பரிந்துரை. இட்லியோடு ஒரு குவளை வே என்பது நாக்குக்கு ஒவ்வாததுதான், ஆனால் கணக்குக்கு ஒத்துவரும்.

வேயைக் கலக்கும்போது முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு பொடியைப் போட்டுக் குலுக்குங்கள். வரிசை மாறினால் அடியில் கட்டி பிடிக்கும். கொதிக்கும் பாலில் போடக்கூடாது. திரிந்து திப்பி திப்பியாகிவிடும். சுவையூட்டாத லியூசினோ பி.சி.ஏ.ஏ.யோ வாங்கியவர்கள் ஷேக்கரைத் திறந்தால், பொடி தண்ணீரின் மேல் வெள்ளை ஏடாக மிதப்பதையும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதையும் பார்ப்பார்கள். லியூசின் தண்ணீரை வெறுக்கும் பொருள். நீரோடு கலக்க உதவும் லெசித்தின் பூசிய வகைகள் எளிதில் கரையும். கசப்பும் தூக்கலாக இருக்கும். எலுமிச்சைச் சாறும் சிட்டிகை உப்பும் சேர்த்தால் ஓரளவு விழுங்க முடியும். கரையவில்லை, கசக்கிறது என்பதற்காக அதைப் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டப்பாவை அடுப்பருகில் வைக்காமல் இறுக மூடி வையுங்கள். ஈரக் கையோடு ஸ்கூப்பைத் தொட்டால் மழைக்காலத்தில் பொடி பாறையாகிவிடும்.

லியூசினை வரம்பில்லாமல் கூட்டுவதும் தவறு. ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், உணவையும் சேர்த்துக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியபோது இரத்தத்தில் அம்மோனியா உயரத் தொடங்கியது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 35 கிராம். சாதாரண உணவிலும் ஓரிரு ஸ்கூப்பிலும் இந்த எல்லையை நெருங்க மாட்டோம், வே, பி.சி.ஏ.ஏ., தனி லியூசின் மூன்றையும் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுபவர்தான் நெருங்குவார்.

யார் தவிர்க்க வேண்டும்

சிறுநீரக நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எந்தப் பொடியையும் எடுக்கக் கூடாது. உணவில் புரதத்தின் அளவுகூட அவர்களுக்கு மருத்துவரே குறித்துத் தருவது. பிறவியிலேயே கிளைத்த அமினோ அமிலங்களைச் சிதைக்க இயலாத மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் உள்ளவர்களுக்கு பி.சி.ஏ.ஏ. நஞ்சு. ஃபீனைல்அலனினைச் சிதைக்க இயலாத ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ளவர்கள் ஃபீனைல்அலனின் கொண்ட இ.ஏ.ஏ.யையும், ஆஸ்பர்டேம் இனிப்பூட்டி சேர்த்த பொடியையும் தொடக்கூடாது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவருக்கு, அமினோ அமிலங்கள் அந்த மருந்தோடு போட்டியிட்டு அது மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டிரிப்டோஃபன் பொடியை விலக்கிவிட வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இவற்றை உணவிலிருந்தே பெறட்டும். பதின்ம வயதினருக்கு, பள்ளி அணியில் ஆடினாலும், முட்டையும் பாலும் பயறும் போதும்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தை மட்டும் செய்யுங்கள். வேயும் கிரியேட்டினும் சிட்ருலினும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், எடையையும் தொப்புளின் நேரே இடுப்பின் சுற்றளவையும் எழுதுங்கள். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் போன்ற இரண்டு மூன்று பயிற்சிகளில் எத்தனை கிலோவை எத்தனை முறை தூக்கினீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு பாருங்கள். தூக்கும் பளு கூடி, எடை மெல்ல ஏறி, இடுப்பு அப்படியே இருந்தால் ஏறிய எடையில் பெரும்பகுதி தசை என்று கொள்ளலாம். எடையும் இடுப்பும் சேர்ந்து கூடினால் மொத்த உணவு மிகுந்துவிட்டது. பொடியை நிறுத்தாமல் சோற்றையும் எண்ணெயையும் சற்றுக் குறையுங்கள். எதுவுமே நகரவில்லை என்றால் டப்பாவை மாற்றும் முன் தூக்கம் ஏழு மணி நேரமாவது இருக்கிறதா, பயிற்சியில் பளுவை உண்மையிலேயே ஏற்றிக்கொண்டு வருகிறீர்களா, மொத்தப் புரதம் எண்ணியபடி வாரம் முழுவதும் உள்ளே போகிறதா, இல்லை திங்கள் செவ்வாயில் மட்டும் போகிறதா என்று அதே குறிப்பேட்டில் தேடுங்கள்.